பாலம் பேசுகிறது! கேட்பது யார்?

சிங்கம்புணரி கயிற்றுக்குப் பெயர் போன ஊர். தேங்காய் நாரைக் கயிறாகத் திரிப்பது அங்கே பல குடும்பங்களின் பிழைப்பு.

கயிறு திரிப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கயிறு திடீரென்று அறுவதில்லை. முதலில் ஒரு நார் நையும். பிறகு ஒரு புரி விடும். அதைப் பார்த்ததும் கயிற்றை மாற்றிவிட்டால் ஆபத்து இல்லை. பாராமல் பாரம் ஏற்றினால் அறுந்துவிடும்.

பாலமும் அப்படித்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம். கயிற்றின் புரி கண்ணுக்குத் தெரியும். இரும்புக்குள் விழும் வெடிப்பு தெரியாது. வெள்ளம் தூணின் அடியில் மண்ணை அரிப்பதும் தெரியாது.

அரியலூர் தந்த பாடம்

1956 நவம்பர் 23. பொழுது விடியாத நேரம். அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம். அது பாலத்தைப் பலவீனப்படுத்தி இருந்தது. அதை அறியாமல் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் பாலத்தின் மேல் ஏறியது. ரெயில் ஆற்றில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரெயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பு ஏற்றுப் பதவி விலகினார்.

பாலத்தின் நிலையை டிரைவருக்குச் சொல்ல அன்று வழி இல்லை. இன்று வழி இருக்கிறது.

தட்டிப் பார்க்கும் கருவி

அதன் பெயர் சென்சார். சிறிய பெட்டி. பாலத்தின் உத்தரத்திலும் தூணிலும் பொருத்துவார்கள். உத்தரம் எவ்வளவு அதிர்கிறது, தூண் சாய்கிறதா என்று அது அளக்கும். அளந்ததை ரேடியோ அலை மூலம் அனுப்பிவிடும். நீளமாகக் கம்பி இழுக்க வேண்டியது இல்லை.

மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள் அல்லவா? நல்ல பானையின் ஓசை வேறு. கீறல் விட்ட பானையின் ஓசை வேறு. பாலத்துக்கும் சொந்தமாக ஓர் அதிர்வு உண்டு. வெயிலிலும் குளிரிலும் அது சிறிது மாறும். அதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்த பிறகும் மாற்றம் தெரிந்தால், உள்ளே ஏதோ கோளாறு!

தென்கொரியாவில் உள்ள ஜிண்டோ பாலத்தில் 2009-ல் இத்தகைய கம்பி இல்லாக் கருவிகள் 70 பொருத்தினார்கள்.

பாம்பனில் நடந்தது

தமிழ்நாட்டிலும் பாலம் பேசியது உண்டு. பாம்பன் பழைய ரெயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. அதில் சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் சென்சார் கருவிகளைப் பொருத்தினார்கள். கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதி அளவு மீறி அதிர்வதை 2022 டிசம்பரில் அவை காட்டின. ரெயில் நிறுத்தப்பட்டது.

ராமேசுவரம் போகிறவர்கள் வழியில் இறங்கி பஸ் ஏறினார்கள். மூட்டை முடிச்சுகளுடன் அலைந்தார்கள். 2025 ஏப்ரல் 6-ந் தேதி புதிய பாலம் திறக்கும் வரை இந்தச் சிரமம்தான். ஆனால் சிரமப்பட்டவர்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

அதே 2025 ஜூலை 9-ந் தேதி குஜராத்தில் கம்பீரா பாலத்தின் ஒரு பகுதி இடிந்தது. வண்டிகள் ஆற்றில் விழுந்தன. 20 பேருக்கு மேல் பலி. அந்தப் பாலத்தின் வயது 40 தான்!

கேட்கும் காது வேண்டும்

பாம்பன் பெரிய பாலம். எல்லாரும் அதைக் கவனிப்பார்கள். சிங்கம்புணரி போன்ற ஊர்களில் உள்ள சிறிய பாலங்களை யார் கவனிப்பார்கள்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவற்றின் மீதுதானே போகிறார்கள்!

எல்லாப் பாலத்துக்கும் ஒரே நாளில் கருவி வைக்கப் பணம் போதாது. பழைய பாலம், பார லாரி ஓடும் பாலம், வெள்ளம் மோதும் பாலம் இவற்றுக்கு முதலில் வைக்கலாம்.

கருவி வைத்தால் மட்டும் போதுமா? போதாது. கருவி தவறாகவும் சொல்லக்கூடும். என்ஜினீயர் நேரில் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். அவர் பார்த்து முடிக்கும் வரை போக்குவரத்தை நிறுத்திவைக்க வேண்டும். மேலிடத்துக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் வெள்ளம் காத்திருக்காது. பாலத்தை உடனே மூடும் அதிகாரம் அங்கே உள்ள அதிகாரிக்கு வேண்டும்.

பொதுமக்களுக்கும் கடமை உண்டு. பாலத்தை மூடினால் அதிகாரியைத் திட்டுவதும், தடுப்பை நகர்த்திவிட்டு வண்டியை ஓட்டுவதும் கூடாது. சுற்றிப் போனால் ஒரு மணி நேரம் நஷ்டம். இடிந்து விழுந்தால் குடும்பமே நஷ்டம்.

புரி விட்ட கயிற்றைக் கண்ட பிறகும் அதில் பாரம் கட்டுகிறவரைச் சிங்கம்புணரியில் புத்திசாலி என்று சொல்ல மாட்டார்கள்!