சிட்டிகைகூட இல்லை... ஆனால் சமாச்சாரம் பெரிசு!

இரும்பில் துளி குரோமியம், துளி வனேடியம் சேர்த்தால் அதன் குணமே மாறிவிடும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவர்கள்தானே நாம்? நம் ரத்தக் குழாயிலும் இதே கதைதான்.

ரத்தக் குழாய் வெறும் பைப் இல்லை, ஒரு பாக்டரி. அதன் உட்சுவர், அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்திலிருந்து புராஸ்டாசைக்ளினைத் தயாரிக்கிறது. 1976-ல் ஜான் வேன் குழுவினர் கண்டுபிடித்த பொருள் இது. குழாயை விரிக்கும், ரத்தத் தட்டுகளை ஒட்ட விடாது. தட்டுகளோ அதே அமிலத்திலிருந்து திராம்பாக்சேனைத் தயாரித்துக் குழாயைச் சுருக்கும், ரத்தத்தை உறைய வைக்கும். ரெண்டும் சமமாக இருக்கிறவரைக்கும் வண்டி ஓடும்.

கொழுப்பு அமிலம் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டால் பெராக்சைடு ஆகிவிடும். அது புராஸ்டாசைக்ளின் தயாரிப்பையே முடக்கும். அந்தப் பெராக்சைடை ஒழிக்க ஒரு என்சைம் இருக்கிறது: குளூட்டாத்தயோன் பெராக்சிடேஸ். அதன் மையத்தில் இருப்பது செலினியம் என்று 1973-ல் தெரிந்தது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு வேண்டியது சுமார் 55 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பதினெட்டாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு!

இதை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து பிழைத்த பிறகு, தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கே வந்து "செலினியம் மாத்திரை, ஹார்ட்டுக்கு கியாரண்டி" என்று அம்மாவிடம் விற்றுவிட்டுப் போனார். அந்த மாதம் என் மெஸ் பில் பாக்கி.

சீனாவைப் பாருங்கள். கேஷான் பகுதியில் மண்ணில் செலினியம் குறைவு. குழந்தைகளும் இளம் பெண்களும் இதயத் தசை நோயில் செத்தார்கள். செலினியம் கொடுத்ததும் நோய் குறைந்தது. அதே நாட்டில் என்ஷி பகுதியில், 1960-களில், செலினியம் மிஞ்சிப் போய் முடியும் நகமும் உதிர்ந்தன.

ஒர்க்‌ஷாப்பில் 'கோ, நோ-கோ' கேஜ் பிடித்த நமக்கு இது புரியாதா? கீழ் எல்லை மாதிரியே மேல் எல்லையும் உண்டு. நாளுக்கு 400 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க வரம்பு. குறை இருக்கிறவனுக்கு மருந்து. இல்லாதவனுக்கு தண்டச் செலவு. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர், வியாபாரி இல்லை.

என் கருத்து இதுதான்: மாத்திரைக்குக் கொடுக்கிற காசில் மீனும் முட்டையும் வாங்குங்கள், அதில் செலினியம் இருக்கிறது. அதோடு, நம்ம மெஸ்ஸில் காய்ச்சின எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறார்களே, அதைத் தட்டிக் கேளுங்கள். கெட்டுப்போன கொழுப்பு அங்கேதான் தயாராகிறது!