வேலும் வாளும் – கட்டபொம்மன் படம் கற்பிப்பது என்ன?

கோவை ஆர்.எஸ்.புரத்தில், டி.பி. ரோட்டை ஒட்டிய ஒரு தோழரின் வீட்டு மாடியில், சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நமது வாசகர் கூட்டம் நடந்தது. வந்திருந்த பிள்ளைகள் ஏதாவது படம் காட்ட வேண்டுமென்று கேட்டதன் பேரில், "வீரபாண்டிய கட்டபொம்மன்" என்னும் படம் காட்டப்பட்டது. டி.பி. ரோடு என்றால் திவான் பகதூர் ரோடு. அது வெள்ளைக்காரன் கொடுத்த பட்டம். அந்தப் பட்டத்தைச் சுமக்கும் தெருவோரத்தில் உட்கார்ந்துகொண்டு, வெள்ளைக்காரனுக்குக் கிஸ்தி கட்ட மறுத்தவரின் கதைக்கு எல்லோரும் கை தட்டினோம். நாமும் தட்டினோம், அதை மறைப்பானேன்?

படம் முடிந்து விளக்குப் போட்டதும், பத்தாவது படிக்கும் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஏனுங்கய்யா, கட்டபொம்மு எந்த ஜாதிங்க?" என்று கேட்டான்.

"தெரிந்தால் என்ன செய்வாய், தம்பி?" என்றோம்.

"எங்க ஜாதியா இருந்தா ஆடிப் பதினெட்டுக்கு வெக்கற மாதிரி பேனர் வெக்கலாமுங்க" என்றான்.

மூன்று மணி நேரம் பீரங்கியும் குதிரையும் தூக்குமரமும் பார்த்த பிள்ளைக்குக் கடைசியில் எழுந்த சந்தேகம் இது ஒன்றுதான். பிள்ளை மீது நமக்குக் கோபமில்லை. அவனுக்கு அப்படிக் கேட்கக் கற்றுக் கொடுத்தவர்கள் யார் என்பதைப் பற்றித்தான் இங்கு எழுதப் புகுகிறோம்.

படத்தின் யோக்கியதையைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 1959-ஆம் வருஷத்தில் பி.ஆர். பந்துலு அவர்கள் எடுத்த இந்தப் படத்தில் சிவாஜி கணேசன் அவர்களின் நடிப்பை யாரும் குறை சொல்ல முடியாது. 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. அதற்கு அவர் முழுத் தகுதியுடையவர். ஆதலால் நடிப்பைப் பற்றி நமக்குத் தகராறு இல்லை. அந்த நடிப்பு எந்தச் சரக்கை விற்கப் பயன்பட்டது என்பதே நமது கேள்வி.

முதலாவது சரக்கு பக்தி. படத்தில் கட்டபொம்மன் திருச்செந்தூர் முருகனின் அடியார். போருக்குப் புறப்படும்போது வேலுக்கு வெற்றி சொல்லித்தான் புறப்படுகிறார். திருச்செந்தூரிலிருந்து பாஞ்சாலங்குறிச்சி வரையில் மண்டபங்கள் கட்டி மணிகள் தொங்கவிட்டு, கோவிலில் பூசை முடிந்த மணியோசை வரிசையாக வந்து சேர்ந்த பிறகுதான் அவர் சாப்பிடுவார் என்று செவிவழிக் கதை ஒன்றும் உண்டு. இன்னொரு கதையில், அந்த ஊர் மண்ணில் முயலே வேட்டை நாயைத் திருப்பித் துரத்தியதாம். அதனால்தான் அங்கே கோட்டை கட்டினார்களாம்.

சரி, 1799 செப்டம்பர் மாதத்தில் மேஜர் பானர்மன் பீரங்கிகளோடு வந்தபோது அந்த மணிகள் எங்கே போயின? சாப்பாட்டு வேளையைத் தவறாமல் அறிவித்த முருகன் எதிரியின் வருகையை ஏன் அறிவிக்கவில்லை? நாயைத் துரத்திய மண் கும்பினியை ஏன் துரத்தவில்லை? கோட்டையைக் காத்து நின்றது வேலுமல்ல, முயலுமல்ல; மனிதர்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தபோது, இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டிருந்த அந்த மண்கோட்டையைச் சில நாட்களில் திரும்ப எழுப்பிவிட்டார்களே, அது யாருடைய வேலை? மண் சுமந்தவன், மண் குழைத்தவன், சுவர் வைத்தவன், அவனுக்குக் கஞ்சி கொண்டு வந்தவள், இவர்களுடைய வேலையல்லவா? அந்தச் சுவர் அவ்வருஷம் மே மாதம் வரையில் கும்பினிப் படையைத் தடுத்து நிறுத்தியது. இருந்தும் பெருமை மட்டும் வேலுக்குப் போய்விட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த நடிகருக்குச் "சிவாஜி" என்ற பெயரே நமது இயக்கம் கொடுத்ததுதான். 1940-களின் நடுவில், அண்ணாதுரை அவர்கள் எழுதிய "சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்" என்னும் நாடகத்தில் வி.சி. கணேசன் என்ற இளைஞராக அவர் நடித்ததைப் பார்த்துப் பெரியார் அவர்கள் சூட்டிய பெயர் அது. அந்த நாடகத்தின் சாரம் என்ன? வாளால் ஒரு ராஜ்யத்தையே பிடித்த வீரன், முடி சூட்டிக்கொள்ள மட்டும் காசியிலிருந்து வந்த காகபட்டரின் அனுமதிக்காகக் காத்து நிற்க வேண்டியிருந்தது என்பதுதான். வீரம் எவ்வளவு இருந்தாலும் அறிவு அடிமைப்பட்டிருந்தால் அந்த வீரம் அடுத்தவனுக்கே உழைக்கும் என்று அந்த நாடகம் கேட்போர் செவிட்டில் அறைந்து சொல்லிற்று. அந்தப் பெயரையே தாங்கிய நடிகரைக் கொண்டு, 1959-இல் வாளை மறுபடி கோவில் வாசலில் கொண்டு போய் வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது சரக்கு, பெண்களைப் பற்றியது. படத்தில் காதல் கதை வெள்ளையத்தேவனுக்கும் வெள்ளையம்மாளுக்கும். அவள் வளர்த்த காளையை அவன் அடக்குகிறான், அவளும் அடங்கிவிடுகிறாள். மாடு அடங்கினால் பெண்ணும் அடங்கியதாகக் கணக்கு! பிறகு போர் வருகிறது. அவள் கெட்ட கனவு கண்டு, போக வேண்டாமென்று தடுக்கிறாள். அவன் போய் மடிகிறான். பின்னால் அவளும் களத்திலேயே மடிகிறாள். ஆகவே பார்ப்பவர்களுக்குக் கிடைக்கும் பாடங்கள் மூன்று: கனவு பலிக்கும், பெண்ணைப் பந்தயத்தில் வெல்லலாம், புருஷன் போனபின் நல்ல பெண்ணுக்கு உயிரோடு வேலையில்லை. 1928 முதல் சுயமரியாதைத் திருமணங்களை நடத்தி, 1967-இல் அவற்றிற்குச் சட்டமும் கண்ட இந்த நாட்டில், தாய்மார்கள் கண்ணீர் விட்டு ரசித்தது இதைத்தான். அந்தக் காதலிலும் ஜாதி பத்திரமாக இருக்கிறது என்பதைக் கவனிக்கவும். காதல் உண்டு, கலப்பு இல்லை.

இது நமது நாட்டு வியாதி மட்டுமல்ல. அமெரிக்காவில் 1826-இல் கூப்பர் என்பவர், பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அந்நாட்டு எல்லைக் காடுகளில் போரிட்ட 1757-ஆம் வருஷத்தை வைத்து, மோகிகன் என்னும் பூர்வ குடியினரில் கடைசி மனிதனைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். 1992-இல் அது பெரிய படமாகவும் வந்தது. நாவலில் பூர்வ குடி இளைஞன் ஒருவனும், கலப்பு ரத்தம் உடைய ஒரு பெண்ணும் வருகிறார்கள். இருவருக்கும் நடுவே அன்பு அரும்புகிறது. உடனே ஆசிரியர் இருவரையும் கொன்றுவிடுகிறார்! நிறம் கலந்த காதலை உயிரோடு விட்டுவைக்க அவருக்கு மனம் வரவில்லை. போதாக்குறைக்கு அந்த இனமே அழிந்துவிட்டதாகவும் தலைப்பிட்டார். ஆனால் அந்த இனத்தின் சந்ததியார் விஸ்கான்சின் மாகாணத்தில் இன்றும் வாழ்கிறார்கள். எல்லைப்புறத்துப் போர்க் கதைகளின் இலட்சணமே இதுதான் போலும். பீரங்கிப் புகையில் பார்ப்பவன் கண்ணை மறைத்துவிட்டு, பழைய கட்டுப்பாடுகளை மட்டும் பத்திரமாகக் கரை சேர்த்துவிடுவது!

மூன்றாவது சரக்கு வரலாறு. கட்டபொம்மன் விடுதலை வீரர் என்று ம.பொ.சிவஞானம் அவர்கள் எழுதினார். கொள்ளைக்காரர் என்று தமிழ்வாணன் அவர்கள் புத்தகமே போட்டார். இந்த வழக்கில் நாம் எந்தக் கட்சிக்கும் சாட்சி சொல்ல வரவில்லை. நமது கேள்வி வேறு. வரி கேட்க உனக்கு என்ன உரிமை என்று படத்தில் கட்டபொம்மன் வெள்ளைக்காரனைக் கேட்கிறார். நல்ல கேள்வி. அதே கேள்வியைப் பாஞ்சாலங்குறிச்சிக் குடியானவன் தன் பாளையக்காரரைப் பார்த்துக் கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்? உழுதவனிடம் பாளையக்காரர் வாங்கினார். அவரிடம் நவாப் கேட்டார். நவாப் கும்பினியிடம் பட்ட கடனுக்காக, 1792 உடன்படிக்கையின்படி கிஸ்தி வசூல் கும்பினியின் கைக்குப் போயிற்று. மேலே கைகள் மாறின. கீழே வயிறு மாறவில்லை. இதைச் சொன்னால் படம் ஓடாது. ஆகையால் "துரோகி" ஒருவன் தேவைப்பட்டான். எட்டப்பன் என்ற பெயரே தமிழில் வசவாகிவிட்டது. கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். பாளையக்காரர்களில் பலர் கும்பினியின் பக்கம் நின்றார்கள். ஒவ்வொருவனும் தன் பாளையத்தைத் தன் குடும்பச் சொத்தாகவும், அடுத்த பாளையத்தான் அழிந்தால் தனக்கு லாபமென்றும் நினைக்கும் ஏற்பாட்டில், துரோகம் ஒரு தனி மனிதனின் குணமா, ஏற்பாட்டின் குணமா? 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயிறு இங்கிலாந்தில் மட்டும் திரிக்கப்பட்டதல்ல. அதில் ஒரு புரி நம்முடையது.

நிற்க. நமது கொங்கு நாட்டுச் சங்கதிக்கு வருவோம்.

1800-ஆம் வருஷம் ஜூன் 3-ந் தேதி, மொகரம் நாளில், கோயமுத்தூர்க் கோட்டையிலிருந்த கும்பினிப் படையைத் தாக்கத் திட்டமிட்டவர்கள் இருந்தார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்த கூட்டம் அது. முயற்சி தோற்றது, நாற்பத்திரண்டு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். இன்றைக்குக் கோட்டைமேடு என்கிறோமே, அந்தப் பேரில் இருக்கும் கோட்டை இதுதான். நமது மாடியில் கூடிய பிள்ளைகளில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. தெரியாததன் காரணம் என்ன? அந்த நாற்பத்திரண்டு பேரைத் தன் ஆளென்று சொல்லிக்கொள்ள எந்த ஒரு ஜாதிச் சங்கத்தாலும் முடியவில்லை. ஜாதி இல்லாத தியாகத்திற்கு இங்கே பேனர் கிடையாது.

தீரன் சின்னமலையின் கதையையும் பாருங்கள். திப்பு சுல்தானுக்குத் தோள் கொடுத்துப் போரிட்டவர். ஓடாநிலையில் கோட்டை கட்டி எதிர்த்து நின்று, 1805 ஜூலை 31-இல் சங்ககிரியில் தூக்கிலேறினார். அவரோடு தூக்கிலேறியவர்களில் கருப்ப சேர்வை ஒருவர். அவருக்கு ஒற்றராக இருந்து, செருப்புக்குள் ஓலையை மறைத்து வைத்துத் தைத்து எதிரியின் செய்திகளை அனுப்பினார் என்று சொல்லப்படுபவர் அருந்ததியரான பொல்லான். அதாவது முஸ்லிம் அரசனுக்கு நண்பர், சேர்வையோடு தூக்குமேடை, அருந்ததியர் உயிரைக் கொடுத்துக் காத்த ரகசியம். இப்படிப்பட்ட மனிதரை இன்று ஒரு ஜாதியின் சுவரொட்டிக்குள் அடைத்துவிட்டார்கள். பொல்லானுக்கு ஒரு நினைவு மண்டபம் வேண்டுமென்று அவருடைய மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு நிற்க வேண்டியிருந்தது.

தெற்கே கதை இன்னும் மோசம். கட்டபொம்மனின் படைத் தளபதியாக இருந்து உயிர் விட்டவர் சுந்தரலிங்கம், தேவேந்திர குலத்தவர். 1997-இல் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்திற்கு அவர் பெயரை வைத்தபோது, அந்தப் பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கிளம்பிய கூட்டம் தென் மாவட்டங்களைக் கலவரக் காடாக்கிற்று. முடிவில் அரசாங்கம் எல்லாக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. கட்டபொம்மன் பெயரும் போயிற்று. சின்னமலை பெயரும் போயிற்று. படத்தில் கட்டபொம்மனுக்கு அழுதவர்கள்தான், அவருக்காகச் செத்தவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் உட்காரக் கூசினார்கள்! இந்தக் கண்ணீருக்கு என்ன விலை?

2015 ஜூன் மாதத்தில், திருச்செங்கோட்டு மலைக் கோவிலில் ஒரு பெண்ணோடு பேசிக் கொண்டிருந்ததற்காக, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி இளைஞர் ஒருவர் கடத்தப்பட்டார். மறுநாள் அவரது உடல் ரயில் பாதையில் தலை வேறாகக் கிடந்தது. அந்தக் கோவிலில் குடியிருக்கும் சாமி, பெண்டாட்டிக்குப் பாதி உடம்பைக் கொடுத்ததாகச் சொல்லப்படும் அர்த்தநாரீசுவரர்! அந்தச் சாமியின் முன்னால் ஓர் ஆணும் பெண்ணும் பேசக் கூடாதாம். கொலைக்குத் தலைமை தாங்கியவர் நடத்திய ஜாதிப் பேரவைக்கு என்ன பெயர்? தீரன் சின்னமலையின் பெயர்! 2022-இல் மதுரை நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கும்பினி சின்னமலையை ஒருமுறைதான் தூக்கிலிட்டது. இவர்கள் அவரை மறுபடி தூக்கிலிட்டார்கள்.

"வீரத்தைப் பற்றி ஒரு நல்ல படம் வந்தால் அதிலும் குற்றம் காண வேண்டுமா?" என்று சில தோழர்கள் கேட்கலாம். வீரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. துப்பாக்கிக்கு முன் நிமிர்ந்து நிற்பது வீரம்தான். ஆனால் 200 வருஷத்திற்கு முன் செத்துப்போன வெள்ளைக்காரனை நாற்காலியில் உட்கார்ந்து முறைப்பதற்கு என்ன வீரம் வேண்டும்? அவன் கப்பலேறிப் போய்விட்டான். டீக்கடையில் தனி கிளாஸ் வைத்தவன் போகவில்லை. மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டினால் அரிவாள் எடுப்பவன் போகவில்லை. அவனை முறைத்துப் பார்ப்பதற்குத்தான் இன்று வீரம் தேவை. அந்த வீரத்தைக் கற்பிக்காத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நமக்கு வாண வேடிக்கைதான்.

ஆகவே பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டுங்கள், தடுக்க வேண்டாம். காட்டிய பிறகு விளக்கைப் போட்டு, கோட்டையைக் கட்டியவன் யார், வரி கொடுத்தவன் யார், பெயர் விடுபட்டவன் யார் என்று அவர்களைக் கேளுங்கள்.

அந்தச் சிறுவனுக்கு நாம் கட்டபொம்மனின் ஜாதியைச் சொல்லவில்லை. கோட்டைமேட்டு நாற்பத்திரண்டு பேரின் கதையைச் சொன்னோம். கேட்டுவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தவன், "அவுங்களுக்கு யாருங்க பேனர் வெப்பாங்க?" என்றான்.

நீங்களே சொல்லுங்கள், தோழர்களே, யார் வைப்பது?