கேட்டால் பெரியவன், கொடுத்தால் சின்னப் பையன்

குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து 18 வயதில் வெளியேறுகிறவர்களுக்கு அரசு மாதாமாதம் பணம் தருவது சோம்பேறிகளை வளர்க்கும் வேலை என்று சென்ற இதழில் நான்கு பக்கம் வாதாடியிருக்கிறார் நம் கட்டுரையாளர். இரண்டாம் பக்கத்தில், 18 முடிந்தவன் ஓட்டுப் போடும் குடிமகன், அவனுக்கு இன்னும் எதற்கு அரசு சோறூட்ட வேண்டும் என்கிறார். மூன்றாம் பக்கத்தில், அந்த வயசில் கையில் காசு கொடுத்தால் செல்போன் வாங்கிச் சீரழிவான் என்கிறார். கோட்டையில் யார் உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கத் தெரிந்தவனுக்கு நாலாயிரம் ரூபாயை என்ன செய்வதென்று தெரியாதாம்! தாளைத் திருப்புவதற்குள் பையனுக்கு வயசு இறங்கிவிட்டது. இந்த ரசவாதம் எந்தத் தர்க்க சாஸ்திரத்தில் சேர்த்தி?

அவர் சத்தியம் செய்கிற அந்த 18ஐயே கொஞ்சம் உரசிப் பார்ப்போமே. நம்மில் ஐம்பதைத் தாண்டிய பலருக்கு ஜூன் மாதத்தில் பிறந்தநாள் வாய்த்தது கிரக விசேஷத்தால் அல்ல, பள்ளியில் சேர்த்த அன்று ஹெட்மாஸ்டரின் பேனா போன போக்கால். நமக்கு அது வேடிக்கைக் கதை. ரயிலடியில் கண்டெடுக்கப்பட்ட பிள்ளைக்கு அதுதான் தலையெழுத்து. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 94ஆம் பிரிவைப் படித்துப் பார்க்கட்டும். பார்த்தாலே சிறுவன் என்று தெரிந்தால், குழந்தைகள் நலக் குழு தோற்றத்தை வைத்தே ஏறக்குறைய ஒரு வயதைக் குறித்துவிடலாம். சந்தேகம் வந்து, சான்றிதழும் இல்லாமல் போனால், எலும்புச் சோதனை. குழு எழுதிவிட்டால், அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை அதுவே உண்மை வயது. ஆக, யாரோ ஒருவர் கண்ணால் அளந்த உத்தேசக் கணக்கு 18ஐத் தொடுகிற காலையில் முதிர்ச்சி தானாக வந்து கதவைத் தட்டும் என்பது நம் அறிஞரின் சித்தாந்தம்.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் அப்படி ஒரு காலையில் தகரப் பெட்டியும் டி.சி.யும் பாஸ்புக்குமாகத் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் போய் நின்றான். மேனேஜர் நோட்டைத் தள்ளினார். அப்பா பெயர், சொந்த ஊர், வீட்டு போன் நம்பர். மூன்றிலும் அவன் எழுதியது இல்லத்தின் பெயரைத்தான். மேனேஜர் ஒருமுறை நோட்டைப் பார்த்தார், ஒருமுறை அவனைப் பார்த்தார். “ரூம் காலி இல்லப்பா.” காலி என்று எழுதிய பலகை அவர் முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. சுயமுன்னேற்றம் பற்றிக் கட்டுரையாளர் இரண்டு பத்தி எழுதியிருக்கிறார். அவற்றை அந்தப் பலகைக்குக் கீழே ஒட்டலாம்.

‘சட்டம்தான் வழி செய்திருக்கிறதே, பிறகென்ன கூச்சல்’ என்றும் ஒரு அதட்டல். செய்திருக்கிறது. 46ஆம் பிரிவு நிதியுதவி வழங்கப்படலாம் என்கிறது (வெளியேறுகிறவரைக் ‘குழந்தை’ என்றுதான் அந்த வரியும் அழைக்கிறது என்பது அவர் கண்ணில் படவில்லை). ‘வேண்டும்’ அல்ல, ‘லாம்’. தமிழ் படித்தவருக்கு இந்த விகுதியின் மகிமையை நான் சொல்லித்தர வேண்டுமா? மழை வரலாம், பஸ் வரலாம், உதவியும் வரலாம். வந்தாலும் எவ்வளவு? மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய், 21 வயது வரை, விதிவிலக்காக 23 வரை. 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய். பதின்மூன்று நாள் கூலிக்குக்கூட அந்தத் தொகை காணாது. இதை வாங்கிக்கொண்டு ஒருவன் சோம்பேறியாக வாழ்ந்து காட்டினால், அவனை நிதித் துறைக்கே ஆலோசகராகப் போடலாம்.

ரொக்கப் பணம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற கொள்கையில் அவர் உறுதியாக இருந்தாலாவது மரியாதை செய்யலாம். கோவிடில் பெற்றோரை இழந்தவர்களுக்காக 2021இல் வந்த பி.எம். கேர்ஸ் திட்டத்தை அதே கட்டுரையில் வானளாவப் புகழ்கிறார். 18 வயதிலிருந்து மாத உதவித்தொகை, 23இல் கையில் 10 லட்சம். நல்ல திட்டம், எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தத் திட்டம் ஒப்புக்கொள்வது என்ன? 18இல் ஒருவன் தனியாக நிற்க முடியாது, ஐந்து வருஷம் கைகொடுக்க வேண்டும், அதற்குப் பணம்தான் வேண்டும் என்பதைத்தானே? அப்படியானால் அப்பா காசநோயில் செத்து, அம்மா விபத்தில் போனவனுக்கு மட்டும் பணம் எப்படி விஷமாகிறது? பிள்ளையின் குணம், பெற்றோர் எந்த நோயில் செத்தார்கள் என்பதைப் பொறுத்து மாறுமா?

கடைசியில் எல்லாவற்றையும் நன்கொடையாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று முடிக்கிறார். யார் அவர்கள்? பேரனின் பிறந்தநாளுக்கு வடை பாயசத்தோடு வந்து, வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறி, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள். ஏழு வயசுப் பிள்ளை போட்டோவில் அழகாக விழும், மீசை அரும்பியவன் விழமாட்டான். அவனுக்குத் தேவை மேன்ஷன் அட்வான்ஸ். அதை இலையில் வைத்துப் பரிமாற முடியாது. கொடுக்கிற கை எப்போதும் மேலே இருக்கவேண்டும் என்பதுதான் இங்கே கவலை. பாஸ்புக்கில் பணம் உரிமையாக வந்து விழுந்தால் யாரும் கும்பிட மாட்டார்களே!

இன்னொன்று. கட்டுரையின் ஆரம்பத்தில், போகிறபோக்கில், தன் மகன் அண்ணாநகரில் அறை எடுத்துத் தங்கி மூன்றாம் முறையாக ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படிப்பதையும், மாதாமாதம் தான் பணம் அனுப்புவதையும் பெருமையோடு சொல்லியிருக்கிறார். தம்பிக்கு வயது 26. என்ன செல்போன் வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.