எந்த நஸ்?

தில்லியில் எங்கள் விடுதி உணவுக்கூடத்தில் ரொட்டி சுடுபவரைத் தீதி என்றே எல்லோரும் அழைப்போம். நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் அடுப்பின் முன் நிற்பவர். மாலையில் அவர் கால்கள் வீங்கும். கணுக்காலின் உட்புறத் தோல் கறுத்து, சென்ற குளிர்காலத்தில் அங்கே ஒரு புண் தோன்றியது; மாதக்கணக்கில் ஆறவில்லை. அதற்கு முன் மூன்றாண்டுகள் அவர் விழுங்கிவந்தவை நரம்புத் தளர்ச்சிக்கான வைட்டமின் மாத்திரைகள். ‘நஸ் பலவீனம்’ என்று சொல்லிக் கொடுத்தார்களாம்.

மொழியியல் படித்தவளுக்கு அந்தச் சொல்லைக் கடந்து போக இயலவில்லை. இந்தியில் நஸ், தெலுங்கில் நரம், மலையாளத்தில் ஞரம்பு, தமிழில் நரம்பு. பேச்சுவழக்கில் இவை உணர்வைக் கடத்துவதையும் குருதியைச் சுமப்பதையும் ஒருங்கே குறிக்கின்றன. (யாழின் தந்தியும் நமக்கு நரம்புதான்.) நாம் ‘நரம்புச் சுருட்டல்’ என்பது நரம்பு நோயே அன்று, சிரை நோய்.

கெண்டைக்கால் தசை சுருங்கும்போது சிரையிலுள்ள குருதி மேலேறுகிறது. ஏறியது இறங்காதபடி ஒருவழி வால்வுகள் தடுக்கின்றன. அசையாமல் நிற்பவரின் கணுக்காலில் சிரையழுத்தம் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். நடந்தால் அது 30 அளவுக்குக் குறையும். வால்வு பழுதானவருக்கு அந்த அளவுக்குக் குறைவதில்லை. வீக்கமும் கறுப்பும் புண்ணும் அதன் தொடர்ச்சி. டாப்ளர் ஸ்கேனில் இது தெரிந்துவிடும்.

மக்களின் சொல்லைக் குறைகூற எனக்கு மனமில்லை. ‘சிரை’ பாடநூலில் இருக்கிறது; தேர்வறையைத் தாண்டி வந்ததில்லை. நோயாளி ‘நஸ்’ என்றால், எந்த நஸ் என்று கேட்க வேண்டியது மருத்துவம் பார்ப்பவரின் கடமை. ‘பலவீனம்’ என்றதும் குற்றம் அவர் உடலின்மேல் விழுகிறது. அவர் நிற்கும் எட்டு மணிநேரம் கண்ணுக்கு மறைகிறது. மரபும் மகப்பேறும் உடற்பருமனும் காரணங்களே. ஆயினும் நெடுநேரம் நிற்பது நோயை வளர்க்கும்.

கேரளத்துத் துணிக்கடைப் பெண்கள் அமரும் உரிமைக்காகப் போராடினர். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது, 2021இல் தமிழ்நாட்டில். தீதி நிற்பதோ தில்லியில்.

இப்போது மருத்துவர் சொற்படி அழுத்தக் காலுறை அணிகிறார். புண் சுருங்கி வருகிறது. அடுப்பருகே உயரமான இருக்கை ஒன்று கேட்டு உணவுக்குழுவுக்கு இருமுறை எழுதினோம். இடமில்லை என்றார்கள். நான் அளந்து பார்த்தேன், இடம் இருக்கிறது. வியாழனன்று குழு கூடுகிறது; விடுதித் தோழர்கள் வாருங்கள்.