ஓய்வால் தீராத களைப்பு

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, "உடம்புக்கு ஏலாமல் இருக்கிறது" என்ற வார்த்தையைக் கேட்காமல் ஒரு நாள் கழிவதில்லை. இரவிரவாக வலைவீசி விடியலில் கரையேறும் மீன்பிடித் தொழிலாளி, காத்தான்குடிக் கடைத்தெருவில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்யும் இளைஞன், வயலிலும் வீட்டிலும் மாறி மாறி உழைக்கும் கொக்கட்டிச்சோலைத் தாய், உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகும் மாணவி என அனைவரும் இதனையே கூறுகின்றனர். கேட்பவரோ "கொஞ்சம் ஓய்வெடுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். சிலர் அதனைச் சோம்பல் என்று ஏளனம் செய்யவும் தயங்குவதில்லை.

களைப்பு என்பது ஒரே வகையானதல்ல. அதன் காரணத்தை அறியாமல் ஓய்வை மட்டும் உபதேசிப்பதால் பயன் ஏதும் விளையப்போவதில்லை என்பதே எமது கருத்தாகும்.

முதலாவது, உடலின் களைப்பு. நல்ல உறக்கமும் உணவும் கிடைத்தால் இது தீர்ந்துவிடும். வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு ஏழு மணிநேர உறக்கமாவது தேவை என்று மருத்துவ உலகம் கூறுகிறது. இரவுத் தொழில் செய்வோர் பகலில் உறங்குவதைச் சோம்பேறித்தனமாகக் கருதாமல், அவர்கள் உறங்கும் வேளையில் வீட்டில் அமைதி நிலவச் செய்வது குடும்பத்தாரின் கடமையாகும். தேநீரையும் வெற்றிலையையும் கொண்டு களைப்பை விரட்ட முயல்வது நாளைய சக்தியை இன்றே கடன் வாங்குவதற்கு ஒப்பானது. அதிலும் உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தினால், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவது குறைகிறது. போதிய உறக்கத்தின் பின்னரும் வாரக்கணக்கில் அசதி நீடிக்குமாயின் இரத்தசோகை, நீரிழிவு, தைரொயிட் சுரப்பிக் கோளாறு ஆகியன உண்டா என்பதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, சுமையின் களைப்பு. ஓய்வெடுக்கச் சொல்வது எளிது. ஆனால் ஓய்வெடுப்பவரின் வேலையை யார் செய்வது? விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, கூலி வேலைக்கும் சென்று, மாலையில் மீண்டும் அடுப்பை மூட்டும் பெண்ணுக்கு இந்தக் கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. யுத்தத்தில் கணவரை இழந்து தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்களின் நிலை இன்னும் கடினமானது.

இதனோடு கடனும் சேர்ந்துகொள்கிறது. நுண்கடன் சுமை கிராமங்களை வாட்டியதன் விளைவாக, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களுக்கு 2018 இல் அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. அதன் பின்னர் வந்த 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியையும் எரிபொருள் வரிசைகளையும் எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. பணவீக்கம் பின்னர் தணிந்ததேயன்றி, விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தவணைப் பணம் சேர்க்க வருபவரின் மோட்டார் சைக்கிள் ஓசைக்கே நெஞ்சு படபடக்கும் ஒருவரிடம் மூச்சுப் பயிற்சியை மட்டும் பரிந்துரைப்பது பொருத்தமானதா? மூச்சுப் பயிற்சி நல்லதே. ஆனால் கடனை மறைக்காமல் குடும்பத்தோடு அமர்ந்து கணக்குப் பார்ப்பதும், பழைய கடனை அடைக்கப் புதிய கடன் வாங்காதிருப்பதும், வேலைகளை ஆண்களும் பகிர்ந்துகொள்வதுமே இவ்வகைக் களைப்புக்கான மருந்தாகும்.

மூன்றாவது, துயரத்தின் களைப்பு. 1990 ஆம் ஆண்டின் படுகொலைகள், 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி நாவலடி முதலான கரையோரங்களை அள்ளிச்சென்ற ஆழிப்பேரலை, 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பு என இப்பிரதேசம் அடுக்கடுக்காகத் துயரங்களைக் கண்டது. உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னர், அக்கொடுமையில் எந்தப் பங்குமற்ற முஸ்லிம் மக்களும் சந்தேகப் பார்வையின் பாரத்தைச் சுமந்தனர். இழப்பு தமிழருக்கு ஒரு விதமாகவும் முஸ்லிம்களுக்கு வேறு விதமாகவும் நேர்ந்திருக்கலாம். நள்ளிரவில் திடுக்கிட்டு விழிக்கும் உள்ளம் இரு சமூகத்திலும் ஒன்றுதான்.

இத்தகைய களைப்பு ஓய்வால் தீராது. உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமற்ற கோபம், வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் ஆகியன இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவ உதவியை நாடத் தாமதிக்கலாகாது. ஆழிப்பேரலைக்கு முன்னர் இலங்கையின் 10 சுகாதார மாவட்டங்களில் மாத்திரமே இருந்த உளநல சேவைக் கட்டமைப்பு, பின்னர் 20 மாவட்டங்களுக்கு விரிவடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2013 இல் பதிவு செய்தது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் உளநலச் சிகிச்சை கிடைக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். "பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ" என்ற அச்சமே பலரை வாசலில் தடுத்து நிறுத்துகிறது.

எமது மரபுகள் இவ்விடயத்தில் எமக்குத் துணை நிற்கின்றன. வைகாசி மாதத்தில் இப்பிரதேசத்துக் கண்ணகை அம்மன் ஆலயங்களில் நிகழும் குளிர்த்திச் சடங்கு, கொதிப்பு தணிக்கப்பட வேண்டியது என்பதை ஊர் கூடி உணர்த்தும் நிகழ்வாகும். ஐவேளைத் தொழுகை, ஓயாத உழைப்பின் நடுவே மனிதனை நிறுத்தி அமைதிப்படுத்துகிறது. அளவுக்கு மீறி வணக்கத்தில் ஈடுபட்ட தோழருக்கு, உடலுக்கும் குடும்பத்துக்கும் அவர்மீது உரிமை உண்டு என்று நபிகள் நாயகம் அறிவுறுத்தியதை முஸ்லிம் வாசகர்கள் அறிவர். ஆயினும், உளச்சோர்வுற்ற ஒருவரைப் பார்த்து "பக்தி குறைந்துவிட்டது", "ஈமான் பலவீனமாகிவிட்டது" என்று குற்றஞ்சாட்டுவது காயத்தின்மீது உப்பிடுவதாகும். வழிபாடும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

தனிமனித முயற்சியோடு இது முடிந்துவிடுவதுமில்லை. வெள்ளிப் பிரசங்கங்களிலும் ஆலய நிகழ்வுகளிலும் ஆண்டுக்கு ஓரிரு தடவையேனும் உளநலம் பற்றிப் பேசப்பட வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது பிரத்தியேக வகுப்புகளின்றிப் பிள்ளைகள் விளையாட அனுமதிக்கப்பட வேண்டும். கடன் அறவிடும் முறைகள் மனிதாபிமானத்துக்கு உட்பட்டவையாக அமைவதை அதிகாரிகள் உறுதிசெய்ய வேண்டும். மாதர் சங்கங்கள் கடன் பற்றிப் பேசும் கூட்டங்களில் உறுப்பினரின் உடல்நலம் பற்றியும் விசாரிக்கலாம்.

"ஏலாமல் இருக்கிறது" என்று ஒருவர் கூறும்போது அறிவுரையை அவசரப்பட்டு வழங்காமல், "எதனால்?" என்று கேட்டுச் சற்றுநேரம் அமர்ந்திருப்போம். உறக்கம் வேண்டுபவருக்கு உறக்கமும், உதவி வேண்டுபவருக்கு உதவியும், சிகிச்சை வேண்டுபவருக்குச் சிகிச்சையும் கிடைக்கச் செய்வதே விவேகமாகும். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும், தமிழருக்கும் முஸ்லிமுக்கும் இது பொதுவான கடமையே.