தூஷணமும் யதார்த்தமா?

கணினி யுத்த விளையாட்டுகளில் ஒலிக்கும் தூஷண வார்த்தைகள் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை வீடுகளிலும் சிறார்களின் செவிகளை எட்டுகின்றன. ‘போர்க்களத்தில் சிப்பாய்கள் அவ்வாறுதான் பேசுவர், அது யதார்த்தம்’ என்பதே இதற்குக் கூறப்படும் நியாயம். இதனை நாம் முற்றாக நிராகரிக்கவில்லை. ஆயினும், எந்த யதார்த்தத்தைக் காட்டுவது என்பதைத் தீர்மானிப்பவர்கள் தயாரிப்பாளர்களே.

2021 நவம்பரில் வெளியான ‘கோல் ஒஃப் டியூட்டி: வான்கார்ட்’ விளையாட்டில் அல்குர்ஆனின் பக்கங்கள் தரையில் சிதறிக் கிடப்பதாகக் காட்டப்பட்டிருந்தன. முஸ்லிம்களின் கண்டனத்தை அடுத்து அக்டிவிஷன் நிறுவனம் மன்னிப்புக் கோரி, அக்காட்சியை நீக்கியது. அதனால் விளையாட்டின் யதார்த்தம் எவ்விதத்திலும் குன்றிவிடவில்லை. தூஷணத்திற்கும் இது பொருந்தும்.

2009 வரை நீடித்த யுத்தத்தைக் கண்ட எமது கரையோர மக்கள் அதன் உண்மை முகத்தை அறிவர். அது வசைமொழியல்ல, இடம்பெயர்வும் இழப்புமே. திரையில் வீழ்ந்தவன் மறுகணம் எழுந்து ஓடுகின்றான். எமது ஊர்களில் வீழ்ந்தவர்களோ வீடு திரும்பவில்லை. இந்த யதார்த்தத்தை எந்த விளையாட்டும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போவதில்லை.

மேற்படி விளையாட்டு ஐரோப்பிய வயதுத் தரப்படுத்தலின்படி 18 வயதை எட்டியோருக்கே உரியது. தடை கோரிக் குரலெழுப்புவதற்கு முன்னர், அந்த எண்ணைக் கவனித்து வாங்குவதும், பிள்ளைகளுடன் அமர்ந்து உரையாடுவதும் பெற்றோரின் கடமையென நாம் கருதுகின்றோம்.