பின்மூடியைத் திறந்த கைகள்

பழைய கேமரா வாங்கப் போனால் நம் கை முதலில் போவது பின்மூடிக்குத்தான். ஷட்டர் திரையில் ஓட்டை இருக்கிறதா, உள்ளே துரு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லஸ் பக்கத்து வீட்டுக் கூடத்திலும், பாண்டி பஜாரை ஒட்டிய தெருவின் மாடியிலும், அடையாறு காந்தி நகர் வராந்தாவிலும் நாம் அப்படித் திறந்த கேமராக்கள் பலவற்றில் ஃபிலிம் இருந்தது. யாரோ பாதி எடுத்து நிறுத்திய ரோல், டெவலப் செய்யாத ரோல். வெளிச்சம் பட்ட நொடியில் அது போயிற்று. “அடடா, ரோல் இருந்திருக்கே” என்று சொல்லி உருவிப் போட்டுவிட்டு விலை பேச ஆரம்பித்தோம்.

தென்சென்னையிலும் நடுச்சென்னையிலும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களும் லென்ஸுகளும் சேர்க்கிற நம் சிறு கூட்டம் செய்த தவறுகளை யாராவது எழுதினால், முதல் வரியில் இது வர வேண்டும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் பதிந்த படம் சுலபத்தில் அழிவதில்லை. முப்பது நாற்பது வருஷம் கழித்தும், கொஞ்சம் மங்கலாகவாவது, பல ரோல்களை டெவலப் செய்து எடுக்க முடியும். இது நமக்குத் தெரியாத சங்கதி அல்ல. தெரிந்தும் அவசரப்பட்டோம்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்எல்ஆர் பரவுவதற்கு முன்னால் உலகத்துப் பத்திரிகைப் படக்காரர்களில் பலர் நம்பியது ரேஞ்ச்ஃபைண்டரைத்தான். வியூஃபைண்டரின் நடுவில் மஞ்சளாக ஒரு சிறு கட்டம் தெரியும். அதற்குள் உருவம் இரண்டாக இருக்கும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகும். அப்போது ஃபோகஸ் சரி. 1932-ல் லைக்கா II, காண்டாக்ஸ் இரண்டும் இந்த ஏற்பாட்டை லென்ஸோடு இணைத்து வெளிவந்தன. 1954-ல் வந்த லைக்கா எம்3-ஐ இன்றும் தேடி அலைகிறோம்.

அந்நாளைய இறக்குமதிக் கெடுபிடியில் கேமரா என்பது நினைத்தால் கடையில் வாங்கிவிடுகிற சாமானாக இல்லை. ரஜூலா கப்பலில் பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியவர்களின் டிரங்குப் பெட்டியில் வந்தது. பிற்பாடு வளைகுடாவில் வேலை பார்த்த மாப்பிள்ளைகள் யாஷிகா எலெக்ட்ரோ 35-ஐயும் கேனனெட்டையும் கொண்டுவந்தார்கள். சோவியத் நாட்டிலிருந்து ஜோர்க்கி, ஃபெட், கீவ் வந்தன. 1985 மே மாதம் எரிந்து போகும்வரை மூர் மார்க்கெட்டிலும் கைமாறின. ஆக, நம் அலமாரியில் இருக்கிற ஒவ்வொரு கேமராவுக்கும் பின்னால் ஒரு பயணம் உண்டு, ஒரு வீடு உண்டு.

விற்றவர்கள் அதைச் சொல்லத்தான் செய்தார்கள். வீடு புரமோட்டர் கைக்குப் போகப் போகிறது, சாமான்களை ஒழிக்க வேண்டும் என்ற நெருக்கடியிலும் மயிலாப்பூர் மாமி ஒருத்தர் உட்கார்ந்து பேசுவார்: “எங்க மாமனார் பினாங்குலேர்ந்து கொண்டு வந்தது சார். பசங்களைத் தொடவே விட மாட்டார். நவராத்திரி கொலு, பேரன் ஆயுஷ்ஹோமம் எல்லாம் இதுலதான் எடுத்தார்.” நாம் தலையாட்டிக்கொண்டே லென்ஸ் விளிம்பில் பொறித்திருந்த சீரியல் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தோம். எண்ணைக் குறித்துக்கொண்டோம், மாமனார் பெயரைக் கேட்கவில்லை. கேமராவோடு ஒரு பிஸ்கட் டப்பாவையும் அவர் எடுத்து வந்து வைத்தபோது, உள்ளே இருந்த நெகட்டிவ் சுருள்களைப் பார்த்துவிட்டு, “அது வேணாம் மாமி, நீங்களே வெச்சுக்குங்கோ” என்றோம். வீட்டை ஒழித்த அன்று அந்த டப்பா எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கவே இப்போது மனம் கூசுகிறது.

ஓரத்தில் ஓர்வோ என்று அச்சான நெகட்டிவ்கள், ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் வெளியிட்ட ‘இந்து’ ரோல்களின் அட்டைப் பெட்டிகள், ஸ்டுடியோ முத்திரை குத்திய காகித உறைகள் எல்லாம் நம் கண்ணெதிரே இருந்தன. 1960-ல் ஆரம்பித்த அந்த ஊட்டி நிறுவனம் இன்று இயங்குவதில்லை. நம் அலமாரிகளில் ஜெர்மன் தோல் உறைகள் வரிசையாக இருக்கின்றன. ஓர் ‘இந்து’ பெட்டியைத் தேடினால் சட்டென்று கிடைக்காது.

சேகரிப்பு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி இருந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நிற்கவில்லை. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் கசக்கி எறிந்த காகிதத்தையும் பத்திரப்படுத்தினார். அதனால்தான் அவர் மறைவுக்குப் பிறகு 1994-ல் சென்னையில் ஒரு நூலகமே எழ முடிந்தது; தரமணிக்குப் போனால் இன்றும் பார்க்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் பழைய தமிழ் ஸ்டுடியோக்களைத் தேடிப் போய்ப் படங்களை ஸ்கேன் செய்து பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு காப்பாற்றினார்கள். அவர்கள் போனது ஸ்டுடியோக்களுக்கு. வீட்டுக்குள் அப்பாவும் மாமாவும் எடுத்த படங்கள் இருந்த இடத்துக்குக் காபி கொடுத்து வரவேற்கப்பட்டுப் போனவர்கள் நாம்தான்.

1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரைப் படமெடுத்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் பற்றிப் பேச்செடுத்தால் நம் கூட்டத்தில் பொழுது போவதே தெரியாது. அவர் கையில் இருந்தது லைக்கா, ரமணர் மறைந்த 14-ஆம் தேதி இரவு அவர் அங்கேயே இருந்தார் என்றெல்லாம் மனப்பாடமாகச் சொல்வோம். சென்னையிலிருந்து வருஷக்கணக்காகப் போய் அதே ரமணரைப் படமெடுத்த டாக்டர் டி.என். கிருஷ்ணசாமி பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்? 1857-லேயே புகைப்படச் சங்கம் கண்ட ஊர் சென்னை. வந்து போன மேதையின் ஒவ்வோர் அசைவும் தெரிந்த நமக்கு, பக்கத்துத் தெருவில் கேமரா வைத்திருந்தவர் யாரென்று தெரியவில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய குறையாகப் படுகிறது.

சரி, கேமராக்களையாவது ஒழுங்காக வைத்துக்கொண்டோமா? மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகு பழைய லென்ஸுக்கு மவுசு கூடியது. ஜோர்க்கியிலிருந்து ஜுபிடர்-8 லென்ஸைக் கழற்றி அடாப்டரில் மாட்டினோம். பாடியை ஓரமாக வைத்தோம், அல்லது காபிக் கடை அலங்காரத்துக்குக் கொடுத்தோம். சிலது மேஜை விளக்காகவே மாறிவிட்டது. அந்தச் சோவியத் கேமராக்களில் பாடியும் லென்ஸும் ஒன்றுக்கொன்று பொருத்திச் சரிசெய்யப்பட்டவை. உள்ளே தாள் போன்ற மெல்லிய வளையம் வைத்து ஃபோகஸைச் சரிசெய்திருப்பார்கள். அந்த ஜோடியைப் பிரித்துவிட்டால், பிறகு வேறு பாடியில் மாட்டும்போது மஞ்சள் கட்டத்தில் உருவம் ஒன்றாகத் தெரிந்தும் படம் கலங்கி வரும். இருந்த ஜோடிகளைப் பிரித்தவர்கள் நாம்.

யாஷிகா எலெக்ட்ரோவுக்கு நேர்ந்தது இன்னும் வருத்தம். அதற்கான 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டர் 1/500 என்ற ஒரே வேகத்தில்தான் அடிக்கும். நிழலில் எடுத்த படமெல்லாம் இருண்டு வரும். ‘டெட் பீஸ்’ என்று முடிவுகட்டி ஸ்பேர் பார்ட்ஸுக்காகப் பிரித்தோம். நாலு பொத்தான் பேட்டரியை அடுக்கி ஒரு ஸ்பிரிங் வைத்திருந்தால் அவற்றில் பல பிழைத்திருக்கும். உள்ளே பொடிந்து போன ஒரு சின்ன ரப்பர் துண்டை மாற்ற வேண்டியிருந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்த ரப்பர் எங்கே இருக்கிறது, எந்தத் திருகைக் கழற்றி அங்கே போக வேண்டும் என்பது பழைய மெக்கானிக்குகளின் விரல்களுக்குத் தெரியும். சைக்கிள் ஸ்போக்கைத் தேய்த்துச் செய்த ஸ்க்ரூ டிரைவரால் லைக்காவின் கர்ட்டன் ஸ்பிரிங்கை ஒரு பல் கூட்டிக் குறைத்த கைகள் இந்த ஊரில் இருந்தன. “மாசம் ஒருதரம் எல்லா ஸ்பீடும் அடிச்சு வைங்க சார், சும்மா வெச்சா உள்ள கிரீஸ் இறுகிடும்” என்று சொல்லி அனுப்புவார்கள். நாம் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்தோம். ஸ்லோ ஸ்பீடெல்லாம் சிக்கிக்கொண்ட பிறகு மறுபடி தூக்கிக்கொண்டு போனோம். அவர்கள் கேட்ட கூலியில் நூறு ரூபாய் குறைத்ததை ஒரு சாமர்த்தியமாகச் சொல்லிக்கொண்டோம். லட்ச ரூபாய்க்கு லென்ஸ் வாங்கிய நாம், ஒரு மெக்கானிக்கின் பக்கத்தில் ஒரு பையனை உட்காரவைத்து வேலை பழக மாசச் சம்பளம் கொடுக்க நினைக்கவில்லை. வீடியோகூட எடுத்து வைக்கவில்லை. இத்தனைக்கும் நம் பொழுதுபோக்கே கேமராதான். அவர்களில் பலர் இன்று இல்லை.

கடலோர ஊரின் ஈரமும் நம்மை மன்னிக்கவில்லை. அழகுக்காகத் தோல் உறையோடே கேமராவை வைத்தோம். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஃபங்கஸ் அங்கிருந்து கிளம்பும். லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் வெள்ளை இழைகள் கிளைவிட்டுப் பரவியிருக்கும். ஆரம்பத்தில் துடைத்தால் போகும். விட்டுவிட்டால் அது சுரக்கிற அமிலம் கோட்டிங்கை அரித்து, கண்ணாடியிலேயே தடம் போட்டுவிடும். லென்ஸ் மூடி இல்லாமல் லைக்காவை ஜன்னலோரம் வைத்ததும் உண்டு. எஸ்எல்ஆரில் இருப்பதுபோல் ரேஞ்ச்ஃபைண்டரில் நடுவே மிரர் கிடையாது. வெயில் லென்ஸ் வழியாக நேரே துணி ஷட்டரில் குவிந்து பொத்தலே போட்டுவிடும்.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை மீறியபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் கீழ்த்தள வீடுகளில் ஆல்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிட்டன. தண்ணீர் வடிந்த பிறகு நாம் ஒருவரையொருவர் விசாரித்தது “கலெக்‌ஷன் சேஃபா?” என்றுதான். நனைந்த படங்களைக் காயவிடாமல் சுத்தமான தண்ணீரிலேயே வைத்து மெல்லப் பிரித்தால் பல பிழைக்கும் என்று தெரிந்தவர்கள் நம்மில் இருந்தார்கள். ஒரு துண்டு நோட்டீஸ் அடித்து அந்தத் தெருக்களில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அந்த ஆல்பங்கள் தெருமுனைக் குப்பையில் மெத்தைகளோடு கிடந்தன.

பரணில் இன்னும் கேமரா இருக்கிற வீடுகள் மாம்பலத்திலும் மந்தைவெளியிலும் உண்டு. அவர்களுக்கு நம் சார்பில் சில வேண்டுகோள்கள். கேமராவைத் துடைக்க வேண்டாம், பின்மூடியைத் திறக்கவும் வேண்டாம். ரீவைண்ட் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மிக மெதுவாகக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் உள்ளே ரோல் இருக்கிறது. அப்படியே எடுத்து வையுங்கள், ரோலை இருட்டில் எடுக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். நெகட்டிவ் டப்பாவைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் ஃபிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதை மற்ற சுருள்களிலிருந்து பிரித்து, காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில் வைத்து, சீக்கிரம் ஸ்கேன் செய்துவிடுங்கள். எடுத்தவர் பெயர், ஊர், ஞாபகமிருந்தால் வருஷம் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி டப்பாவுக்குள் போடுங்கள். கேமராவை மட்டும் கேட்டு யாராவது வந்தால், நம்மில் ஒருவராகவே இருந்தாலும், அந்த டப்பாவையும் காகிதத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளச் சம்மதிக்காதவருக்கு விற்க வேண்டாம்.